தாழ்க்காரியின் விரல் தடம்

வயிற்றெரிச்சல் என்று சொல்கிறோமே, மூத்தவளுக்கு அது வயிற்றோடு நிற்கவில்லை, காதுவரைக்கும் ஏறிவிட்டது. கோட்டை மியூசியத்தில் பதினைந்து வருஷமாகக் கூட்டித் துடைக்கிறவள் அவள். காலையில் முதல் கூட்டம் உள்ளே நுழைகிற நேரத்துக்கு மூன்றாவது கூடத்தில் நின்று, பழைய செய்தித்தாளை நனைத்துச் சுருட்டிக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். சரியாக அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்.

"வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க. பயப்படாதீங்க, கடிக்காது. இதுதான் நம்ம மாநிலத்தோட மானத்தைக் காப்பாத்தின கட்டை."

கூட்டம் சிரிக்கும். மூத்தவள் கையில் இருக்கிற செய்தித்தாள் நார்நாராகும்.

"நம்மவாம், நம்ம!" என்று கண்ணாடிக்குள் படுத்திருக்கிற துருப்பிடித்த வாளிடம் சொல்லுவாள். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெட்டியோட வந்து இறங்கினவளுக்கு நம்ம மாநிலம்! ஏழு தலைமுறையா இந்த மண்ணுலயே கிடக்கிற நான் வாளி தூக்குறேன். நல்லா இருக்குய்யா நியாயம்!"

பேசுகிறவள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான். மூத்தவளின் கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கு இறக்கப் போன இடத்தில் பார்த்து, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் சின்னவள் என்று பேர் விழுந்துவிட்டது. வந்த புதிதில் நாலு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை தப்பாக வரும். இப்போது தண்ணீர் மாதிரி பேசுகிறாள். ஆனாலும் சில எழுத்து இன்னும் வழுக்கும். அந்த வழுக்கல்தான் வருகிறவர்களுக்கு இனிப்பாக இருக்கிறதாம். 'வெளியிலேர்ந்து வந்தவங்க நம்ம வரலாற்றை எவ்வளவு அழகா சொல்றாங்க பாருங்க' என்று கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தப் புத்தகத்துக்குத் தூசி தட்டுகிறவளும் மூத்தவள்தான்.

இவ்வளவும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு வாய்க்காரி இருப்பது சகஜம். பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது, அதை வெளியே சொல்லவும் முடியாது. சின்னவள் தினமும் நாலு தரம் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிற அந்தக் கட்டைக் கதை, மூத்தவள் இட்டுக்கட்டினது.

அது நடந்தது சின்னவள் வந்த முதல் மழைக்காலத்தில். கோட்டைக் கூரை பத்து இடத்தில் ஒழுகும். மூத்தவள் ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு வாளி வைத்து, நிறைந்ததும் கொட்டி, மறுபடி வைத்து, நடுநடுவே தோல் கேடயத்தில் பூத்த பூஞ்சணத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்த சின்னவள், டப்பாவை வைத்துவிட்டுப் போகாமல் வாசலோரம் கிடந்த பெரிய கட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். காய்கறிக் கடையில் அவள் பேச்சைக் கேட்டு யாரோ சிரித்திருக்கிறார்கள். ஊருக்குப் போகணும், அம்மாகிட்டப் போகணும் என்று ஒரே தேம்பல்.

மூத்தவளுக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. வாளி வேறு நிறைந்துகொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அடியே, எழுந்திரு. எதுமேல உட்கார்ந்திருக்கேன்னு தெரியுமா உனக்கு? இது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடுற தாழ்க்கட்டை. எதிரி வந்து கதவை இடிச்சப்போ, கட்டையைத் தாங்குற இரும்புக் கொண்டி பிச்சுக்கிச்சு. இங்க பொறந்தவனெல்லாம் பின்வாசல் வழியா ஓடிட்டான். ஒருத்திதான் ஓடலை. இந்தக் கட்டையைக் கதவோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டு, விடியக்காலைலேர்ந்து உச்சி வெயில் வரைக்கும் நின்னா. அவ விரல் பதிஞ்ச தடம்தான் இது, தொட்டுப்பாரு. அவ யாரு தெரியுமா? உன்னை மாதிரி வெளியிலேர்ந்து வாழ வந்தவ. புரியுதா? போ, போய் மூஞ்சியைக் கழுவு."

கட்டையில் நாலு பள்ளம் இருந்தது வாஸ்தவம்தான். மழைக்காலத்தில் வாட்ச்மேன் தன் சைக்கிளை அந்தக் கட்டையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார். வருஷக்கணக்கில் சங்கிலி அரைத்து அரைத்து விழுந்த பள்ளம் அது.

சின்னவள் அந்த நாலு பள்ளத்திலும் தன் நாலு விரலை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. அழுகை நின்றுவிட்டது.

அப்புறம் சின்னவளுக்கு அதே மியூசியத்தில் பை வாங்கி வைக்கிற கவுண்டரில் வேலை கிடைத்தது. ஒருநாள் சுற்றிக்காட்டுகிற ஆள் வரவில்லை. வந்த கூட்டம் முணுமுணுத்தது. சின்னவள் பையை வைத்துவிட்டு எழுந்து போய்க் கட்டைக் கதையைச் சொன்னாள். கூட்டம் கட்டையைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். அப்போதிருந்த அதிகாரி அவளையே வழிகாட்டியாகப் போட்டார், ஒப்பந்தத்தில். கட்டைக்குப் பக்கத்தில் போர்டும் வைத்தார்: 'தாழ்க்காரி. நம் மாநிலத்தில் பிறந்த வீரமகள்.'

"ஏன்க்கா, வெளியிலேர்ந்து வந்தவன்னுதானே சொன்னீங்க? பொறந்த மகள்னு போட்டுட்டாங்களே?" என்று கேட்டாள் சின்னவள்.

"போர்டுல இடம் பத்தலையாம்" என்றாள் மூத்தவள்.

அதன்பிறகு தாழ்க்காரி எங்கே போய் நின்றாள் என்று கேட்காதீர்கள். தாழ்க்காரி மருந்துக்கடை, தாழ்க்காரி டிரைவிங் ஸ்கூல், பெண்கள் விளையாட்டு அணிக்குப் பேர் தாழ்க்காரிகள். முடிவெட்டுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "எங்க மாநிலத்துப் பொம்பளைக்கு விரலே ஆயுதம் சார்" என்று வெளியூர் ஆளிடம் அளப்பார். அதைக் கேட்கும்போது மூத்தவளுக்கே மயிர்க்கூச்செறியும். ஒரு வேளை அப்படி ஒருத்தி இருந்தும் இருப்பாளோ என்றுகூடத் தோன்றும். மறுகணமே அடிவயிற்றில் பற்றிக்கொள்ளும். பெத்தவள் நான், பேர் வாங்குகிறவள் அவள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதையாக இருக்கிறதே!

இது என் கதை என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், நாலு பேர் எதிரில் சொல்லிவிட வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வரும். என் கதை என்று சொன்னால் பொய் என்று ஆகிவிடும். பொய் என்று ஆகிவிட்டால் அப்புறம் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? விழுங்கிக்கொள்வாள்.

மாநிலம் உருவானதன் ஆண்டு விழா வந்தது. தலைநகரத்தில் போஸ்டர் அச்சடித்து எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள். 'நம் மாநிலம், நம் பெருமை' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே தாழ்க்கட்டை. கட்டைமேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றவள் சின்னவள்.

சாயங்காலம் வேலை முடிந்து மூத்தவள் வீட்டுக்கு வந்தபோது, முன்னறைச் சுவரில் அந்தப் போஸ்டர் இருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு சீட் கவர் தைக்கிறவர். தையல் மிஷினுக்கு நேர் எதிரே, நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தார்.

"பார்த்தியா நம்ம வீட்டுப் பொண்ணை! மாநிலம் பூரா ஒட்டியிருக்கான். டெப்போவுல எல்லாருக்கும் இன்னைக்கு நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

"பதினஞ்சு வருஷமா அந்தக் கட்டையைத் துடைக்கிறேன். என்னைக்காவது எனக்காக ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

"இதென்னடி பேச்சு? துடைக்கிறதும் பேசுறதும் ஒண்ணாயிடுமா?"

"ஆகாது ஆகாது. எப்படி ஆகும்? துடைக்கிறவளுக்குக் கை இருக்கு. வாய் இருக்கக் கூடாதே."

"உனக்கா வாய் இல்லை?" அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "உன் வாயை ஒட்டுறதா இருந்தா போஸ்டர் பத்தாது, சுவரே வேணும்."

நகைச்சுவையாகத்தான் சொன்னார் மனுஷர். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போனால் சின்னவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். "அக்கா, வேலையை நிரந்தரம் பண்றாங்களாம்க்கா! நாளைக்குத் தலைநகரத்துலேர்ந்து ஆராய்ச்சிக்காரர் வர்றாராம். அவர் ஒருதரம் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா ஆர்டர் வந்துடுமாம். அவருகிட்டக் கட்டைக் கதையை எப்படி ஆரம்பிக்கலாம்? கொண்டி பிச்சுக்கிட்ட இடத்துலேர்ந்தா, ஊர்க்காரங்க ஓடின இடத்துலேர்ந்தா?"

என் கதையை எங்கே ஆரம்பிப்பது என்று என்னையே கேட்கிறாளே! "எங்கேர்ந்து வேணா ஆரம்பி. உன் கதை, உன் வாய்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைப் பிடுங்கி மீதிக் கிழங்கை மூத்தவளே சீவினாள். அன்றைக்குத் தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று.

மறுநாள் ஆராய்ச்சிக்காரர் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. கட்டைக்கு முன்னால் மண்டியிட்டு அந்த நாலு பள்ளத்தையும் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் ஈர மாப்போடு பக்கத்தில் நின்றாள். முதல் கூடத்தில் சின்னவள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கைத்தட்டல் கேட்டது.

"ஏம்மா, இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா? இந்தத் தடம் எப்போலேர்ந்து இருக்கு?"

அந்தக் கைத்தட்டல் மட்டும் அப்போது கேட்காமல் இருந்திருந்தால் அவள் 'தெரியாது சார்' என்று சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள்.

"அது விரல் தடம் இல்ல சார். வாட்ச்மேன் சைக்கிள் கட்டின சங்கிலி."

ஆராய்ச்சிக்காரர் மெதுவாக எழுந்தார். "அப்ப இந்தக் கதை?"

"இட்டுக்கட்டினது."

"யாரு?"

இங்கேதான் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மாப்பைப் பிழிந்தாள். முதல் கூடத்திலிருந்து சின்னவளின் குரல், "நம்ம மாநிலத்துல..." என்று கணீரென்று வந்தது. ஆராய்ச்சிக்காரர் குரல் வந்த பக்கம் பார்த்தார். மூத்தவளும் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை அவள். பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சின்னவளுக்கு மெமோ வந்தது. 'ஆதாரமில்லாத கதையைக் கட்டி மாநிலத்தின் வரலாற்றுக்குக் களங்கம் உண்டாக்கியது ஏன்? பத்து நாளில் விளக்கம் தருக. அதுவரை பணிக்கு வர வேண்டாம்.' போர்டைக் கழற்றினார்கள். கட்டையைச் சாக்கில் சுற்றிப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஊர் கொதித்துப்போயிற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? நேற்றுவரைக்கும் கதையைச் சொல்லி மார்தட்டின அதே ஆட்கள்தான். "நம்மாளு ஒருத்தன் இப்படி ஒரு பொய் சொல்லுவானா? வந்தவ சொன்னா. நம்ம வரலாறு அவளுக்கு விளையாட்டு" என்றார் முடிவெட்டுகிறவர். டிரைவிங் ஸ்கூல்காரர் பேர்ப்பலகையில் தாழ்க்காரியைச் சுண்ணாம்பால் அழித்தார். காய்கறிக் கடையில் சின்னவள் தக்காளி கேட்டபோது கடைக்காரம்மா காதில் விழாத மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். போஸ்டரில் சின்னவளின் மூஞ்சிமேல் சாணி அடித்திருந்தார்கள்.

மூத்தவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கைத்தட்டல் நின்றுவிட்டது. மூன்றாவது கூடத்தில் துடைக்கும்போது வாசல் பக்கமிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்றாம் நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் காலை, வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மூத்தவள் வேலைக்குக் கிளம்புகிறபோது சின்னவள் துணிகளை மடித்து அதே பழைய பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"அம்மா வீட்டுக்குக்கா. அவரு நாளைக்கு லாரியோட வர்றாரு. அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. இங்க உங்களுக்கும் மாமாவுக்கும் எதுக்குக் கெட்ட பேரு? டெப்போவுல மாமாகிட்ட யாரும் பேசுறதில்லையாம்."

"விளக்கம் எழுதிக் குடுத்தியா?"

"எழுதினேன். நானே எங்கேயோ கேள்விப்பட்டது, யாருன்னு ஞாபகம் இல்லைன்னு எழுதினேன்."

"ஏன் அப்படி எழுதினே? நான் சொன்னேன்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா உங்க வேலைக்கும் ஆபத்துக்கா. பதினஞ்சு வருஷம்." சின்னவள் ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு யாரு சொன்னா அந்தக் கதையை? அவங்க உயிரோட இருந்தா நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எனக்கு வேலைகூட வேண்டாம். அந்தப் பொம்பளை இருந்தான்னு இவங்க ஒத்துக்கிட்டாப் போதும். வந்த புதுசுல தினம் நான் அவளை நினைச்சுக்கிட்டுத்தான்க்கா காய்கறிக் கடைக்கே போவேன். அவளே நின்னா, நமக்கு என்னன்னு போவேன்."

"அவங்க செத்துப் போயிட்டாங்க" என்றாள் மூத்தவள். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிவிட்டாள்.

வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். பாவி, பாவி, உனக்கு வாய் எதுக்கு? சாப்பிட மட்டுமா? அந்தப் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உன்னைக் காப்பாத்துது. நீ மாப்பைப் பிழிஞ்சே!

நனைந்த துணியோடு நேரே அதிகாரி அறைக்குப் போனாள். புது அதிகாரி இளவயசுக்காரர், எப்போதும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பவர். பக்கத்து மேசையில் பெரிய கிளார்க்; ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. மேசைமேல் சின்னவளின் ஃபைல்.

"சார், அந்தக் கட்டைக் கதையைக் கட்டினது நான். அவ இல்ல. எங்கிட்ட கேட்டதைத்தான் அவ சொன்னா."

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் கனிந்தது. அது கனிந்ததைப் பார்த்ததும், இவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உட்காருங்கம்மா. உங்க மனசு எனக்குப் புரியுது. ஓரகத்தியைக் காப்பாத்த இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இதுதான் நம்ம மாநிலத்துக்காரங்க குணம்."

"ஐயோ, குணமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். நான்தான் பொய் சொன்னேன்."

"பெரியவரே, கேட்டீங்களா?" என்றார் அதிகாரி. பெரிய கிளார்க் தலையாட்டினார். "எனக்கு இவங்களை இவங்க வந்த நாள்லேர்ந்து தெரியும் சார். தான் உண்டு, தன் வேலை உண்டு. சங்கிலி விஷயத்தை உண்மையைச் சொன்னவங்களே இவங்கதானே? இவங்க எங்க கதை கட்டப் போறாங்க! எட்டாவதுக்கு மேல படிக்கலை, பாவம்."

அந்தப் 'பாவம்' அவளைச் சுருக்கென்று குத்தியது. தன்னையே திட்டிக்கொண்டு வந்தவளுக்கு இப்போது அவர்கள்மேல் கோபம் வந்துவிட்டது. எட்டாவது படித்தவளுக்குக் கதை கட்ட வராதாமே! இத்தனை வருஷம் இந்த மாநிலம் பூராவும் யார் கதையைச் சொல்லி மார்தட்டிக்கொண்டிருந்தது?

அதிகாரி மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு சின்ன வெண்கல மணி வைத்திருந்தார். உள்ளே நாக்கு இல்லாத மணி. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"சார், இந்த மணி எதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அது..." என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"இருங்க சார். இது இந்தக் கோட்டையோட எச்சரிக்கை மணி. மேல்மாடத்துல தொங்கினது. காவல்காரன் வீட்டுல ரெண்டு மருமக. மூத்தவதான் முதல்ல மணி அடிச்சிட்டிருந்தா. சும்மா டங்கு டங்குன்னு அடிப்பா. யாரும் காது குடுக்க மாட்டாங்க. அப்புறம் வெளியிலேர்ந்து ஒரு சின்னவ வந்தா. அவ கயித்தைத் தொட்டான்னா, வயல்ல நிக்கிறவன்கூட மண்வெட்டியை ஊனிக்கிட்டுக் கேப்பான். ராஜாவே ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டாராம். மூத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவதானே சார் சின்னவளுக்குக் கயிறு இழுக்கவே கத்துக்குடுத்தா. வயிறு எரிஞ்சுது. ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்துல ஏணி போட்டு ஏறி, மணியோட நாக்கைக் கழட்டி மடியில கட்டிக்கிட்டா. ஒரு நாளைக்கு அவ அவமானப்படட்டும், அவ்வளவுதான் அவ நினைச்சது. அன்னைக்குப் பார்த்து எதிரி வந்துட்டான்."

பெரிய கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். தேநீர் கொண்டுவந்த ஆள் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால், மறந்துபோன குடையைக் கொடுக்கக் கொட்டுகிற மழையில் வந்த சின்னவளும் நின்றாள். மூத்தவள் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சின்னவ இழுத்தா சார். கை தோலு உரியுற வரைக்கும் இழுத்தா. சத்தம் வரலை. ஊர்ல பாதி எரிஞ்சுது. மிச்சம் இருந்தவங்க கூடி என்ன சொன்னாங்க தெரியுமா? 'வந்தவதானே! நம்ம ஊருன்னு இருந்தா அடிச்சிருப்பா'ன்னு சொன்னாங்க. அவளை நடுத்தெருவுல நிக்க வச்சு ஆளாளுக்குத் துப்பினாங்க. மூத்தவளும் அந்தக் கூட்டத்துலதான் நின்னா. மணியோட நாக்கு அவ மடியில இருந்துச்சு. அவளோட நாக்கு அவ வாய்க்குள்ளயே இருந்துச்சு. ரெண்டும் அசையலை சார். சின்னவளுக்குத் தெரியும், யாரு கழட்டினதுன்னு. ஏணியை அவ பார்த்திருக்கா. ஆனா அவளும் சொல்லலை."

அவள் நிறுத்திவிட்டாள்.

பெரிய கிளார்க்தான் முதலில் வாயைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது மனுஷருக்கு. "அப்புறம்... அந்தச் சின்னவ என்ன ஆனா?"

"அதை நீங்க ரெண்டு பேரும்தான் சார் எழுதணும். ஃபைலு உங்ககிட்டத்தானே இருக்கு?"

அதிகாரி கையை நீட்டி மணியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். "இது... போன வருஷம் நான் கடையில வாங்கினதும்மா."

"தெரியும் சார். விலைச்சீட்டு இன்னும் உள்பக்கம் ஒட்டியிருக்கு. தினம் துடைக்கிறவ நான்தானே. இப்ப நம்புறீங்களா, எனக்குக் கதை கட்ட வரும்னு? மணிக்கதை முழுக்கப் பொய். மூத்தவ மட்டும்தான் நெஜம்."

அதிகாரி மணியை மேசைமேல் வைத்தார். அப்புறம் ஃபைலைத் திறந்து மெமோவை எடுத்து, நாலாகக் கிழித்தார். உண்மையைத் தலைநகரத்துக்கு எழுதுவதாகவும், சின்னவள் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றும், நிரந்தர ஆர்டரைத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். மூத்தவள் இனிமேல் கூடங்களுக்குள் வரக்கூடாது. வெளி வளாகத்தில் மட்டும் பெருக்க வேண்டும்.

"அது போதும் சார்" என்றாள் மூத்தவள். நிஜமாகவே போதும் என்றுதான் தோன்றியது.

இரண்டு பேரும் வெளியே வந்து ஒரே குடையில் நடந்தார்கள். மூத்தவள் மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போதாததற்கு இந்த வெட்கங்கெட்ட மனசு வேறு ஒன்றை அசைபோட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று, யாரும் எடுக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தரம்.

கோட்டை வாசலைத் தாண்டியதும் சின்னவள் நின்றாள். "அந்தத் தாழ்க்காரி... அப்ப இல்லவே இல்லையாக்கா?"

"இல்லடி. நீ அழுதுக்கிட்டிருந்தே. எனக்கு வேற என்ன சொல்லணும்னு தெரியலை."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூத்தவள் குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றாள். அழட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழட்டும், திட்டினாலும் திட்டட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், கேட்கக் கூடாத நேரத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"மணிக்கதையை... உன்னைவிட நல்லாவா சொன்னேன்?"

சின்னவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் சொன்னீங்க. கடைசியிலதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க."